கல்லூரி இல்லங்களின் எளிய பணிகள்: செண்பகனூரை முன்வைத்து

கொடைக்கானலுக்கு மோட்டார்ச் சாலை அமையுமுன் மலையேறியவர்கள் பெரியகுளத்துப் பக்கமாகவே ஏறினார்கள். இரயிலில் அம்மையநாயக்கனூர் வரை வருவார்கள். இன்று கொடை ரோடு என்று நாம் அழைக்கும் நிலையம் அதுதான். அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவுப் பயணம். விடியற்காலையில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் இறங்கினால், அதற்கப்பால் ஏறத்தாழப் பன்னிரண்டு மைல் மலைப்பாதை. நடக்க வல்லவர் நடந்தனர். வசதியுள்ளவர் குதிரையில் சென்றனர். ஏனையோரை நாற்காலியில் அமர்த்திக் கூலியாட்கள் தோளில் சுமந்து சென்றனர். மனிதர் மட்டுமா? அரிசி, துணிமணி, புத்தகம், கண்ணாடிச் சன்னல், பூசைப் பாத்திரம் என்று மலைமேல் வாழ்வுக்கு வேண்டிய யாவும் யாரேனும் ஒருவர் தலையிலோ தோளிலோதான் மேலே போயின.

அந்தப் பாதையே வழியாக இருந்த காலத்தில், 1895-ஆம் ஆண்டு, கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் இயேசு சபையார் தங்கள் திருஇருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் பேராசிரியர்களைப் பற்றியும், அருங்காட்சியகத்தைப் பற்றியும், மதுரை மிஷனின் பழங்கடிதங்களைக் காத்துவந்த ஆவணக் காப்பகத்தைப் பற்றியும் எழுதுவர். அவை யாவும் எழுதத்தக்கனவே. ஆயினும் மெய்யியல் கற்ற அந்த வீட்டில் அதிகாலையில் எழுப்பியவர் யார், விறகு பிளந்தவர் யார், உணவு பரிமாறியவர் யார், தட்டுக் கழுவியவர் யார் என்ற கேள்வியை நாம் கேட்பது அரிது. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர முயல்கிறது.

முதலில் சிறிது பின்னணி. கலைக்கப்பட்டு மீண்டும் நிறுவப்பட்ட இயேசு சபையின் பிரெஞ்சுக் குருக்கள் 1838-இல் தமிழகம் வந்து புதிய மதுரை மிஷனைத் தொடங்கினர். அடுத்த பத்தாண்டுகளில் அவர்களுள் பலர் இளவயதிலேயே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையாயினர். சமவெளியின் வெயிலிலிருந்து உடல் தேற ஓரிடம் வேண்டியிருந்தது. அமெரிக்க மிஷனரிகளும் இதே காரணம் பற்றியே 1845-இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டியிருந்தார்கள். 1860-களில் லூயி சேன் சீர் அடிகளார் அங்கே ஒரு பங்களாவை வாங்கி அதற்கு 'லா பிராவிதான்ஸ்', அதாவது இறைப் பராமரிப்பு, என்று பெயரிட்டார். அதே பத்தாண்டில் சலேத் அன்னையின் ஆலயமும் எழுந்தது. ஓய்வில்லம் வந்தபின் கல்வியில்லம் வந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இயேசு சபை மாணவர்கள் செண்பகனூருக்கு வந்து தங்கி மெய்யியல் கற்றனர். பிற்காலத்தில் அந்த மெய்யியல் பயிற்சி சென்னைக்கு இடம் மாறி, சத்திய நிலையம் என்ற பெயரில் தொடர்ந்தது.

தங்கிக் கற்கும் கல்லூரி என்பது வகுப்பறை மட்டுமன்று. அது ஒரு பெருங்குடும்பத்தின் வீடு. அங்கே பாடம் நடக்காத நாளுண்டு. அடுப்பு எரியாத நாளில்லை. இதை இயேசு சபையின் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். பதினாறாம் நூற்றாண்டிலேயே அச்சிடப்பட்ட அவர்களுடைய ஒழுங்கு நூல்களைப் புரட்டினால், மாநிலத் தலைவர்க்கும் இல்லத் தலைவர்க்கும் உரிய விதிகளோடு ஒரே கட்டாக வேறு சில விதிகளும் இருப்பதைக் காணலாம்: சமையற்காரர்க்குரிய விதிகள், வாயில் காப்பவர்க்குரிய விதிகள், துணிமணிப் பொறுப்பாளர்க்குரியவை, சந்தையில் வாங்குபவர்க்குரியவை, நோயாளரைக் கவனிப்பவர்க்குரியவை, உணவறையைப் பேணுபவர்க்குரியவை, கோவில்பிள்ளைக்குரியவை. அதிகாலையில் துயிலெழுப்புபவருக்கென்று தனி விதிகள். இரவில் அறைதோறும் சென்று விளக்கணைந்ததா என்று பார்ப்பவருக்கென்று தனி விதிகள். நூலகப் பொறுப்பாளர் நூல்களை வரிசைப்படுத்துவதோடு நூலகத்தைப் பெருக்கவும் தூசி தட்டவும் கடமைப்பட்டவர் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. கல்விமானுக்கும் துடைப்பத்துக்கும் இடையே அந்நூல் பெரிய தூரம் வைக்கவில்லை.

இவ்விதிகளின் வேர் இன்னும் ஆழமானது. சபையில் சேர விரும்புவோர்க்கு இஞ்ஞாசியார் வகுத்த தேர்வுகள் ஆறு. ஒரு மாத ஆன்மீகப் பயிற்சி, மருத்துவமனை ஊழியம், கையில் காசின்றித் திருப்பயணம் ஆகியவற்றின்பின் நான்காவதாக வருவது இல்லத்தின் தாழ்ந்த, எளிய வேலைகளைச் செய்தல். சமையலறைக்கு உதவி செய்யச் செல்பவர் சமையற்காரருக்கு எல்லாவற்றிலும் கீழ்ப்படிய வேண்டும் என்கிறார் அவர். இதில் வியப்பில்லை. அடுத்துச் சொல்வதுதான் நம்மைச் சற்று நிறுத்துகிறது. தமக்கு உதவ வந்தவரிடம் சமையற்காரர் 'தயவுசெய்து இதைச் செய்யுங்கள்' என்று வேண்டிக்கொள்ளலாகாதாம். பணிவோடு, ஆனால் கட்டளையாக, 'இதைச் செய், அதைச் செய்' என்றே சொல்ல வேண்டுமாம். ஏனெனில் வேண்டிக்கொண்டால் அது மனிதன் மனிதனிடம் பேசுவதாகிவிடும். துறவறத்தில் குருப்பட்டம் பெறாத ஒரு சமையற்காரர் ஒரு குருவிடம் பானை தேய்த்துத் தரும்படி கெஞ்சுவது பொருத்தமாகவும் இராது. கட்டளையிட்டாலோ கிறிஸ்துவே பேசுவதாக அமையும். பானை தேய்க்கக் குருவுக்கு ஆணையிடும் சமையற்காரர்! ஐரோப்பாவில் பிரபுவும் பணியாளும் ஒரே மேசையில் அமராத காலத்தில் எழுதப்பட்டது இது என்பதை மறக்கலாகாது.

இஞ்ஞாசியார் இதை ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை. 1528-இல் பாரீஸ் நகருக்குப் படிக்க வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கையிலிருந்த பணத்தை நம்பி ஒருவரிடம் கொடுத்துவைத்து இழந்தார். தங்குவதற்கு ஓர் ஏழையர் விடுதி கிடைத்தது. ஆனால் அது கல்லூரியிலிருந்து வெகு தொலைவு. அதன் கதவு திறக்குமுன் வகுப்புத் தொடங்கிவிடும். அக்காலத்தில் பாரீஸ் கல்லூரிகளில் ஏழை மாணவர் சிலர் ஆசிரியர் ஒருவருக்கு வேலைக்காரராக இருந்து, அதற்கீடாக உறைவிடமும் கல்வியும் பெறுவதுண்டு. அத்தகைய இடம் ஒன்று தமக்கும் கிடைக்காதா என்று அவர் பலரிடம் கேட்டலைந்தார். கிடைத்தால் ஆசிரியரைக் கிறிஸ்துவாகவும் உடன் மாணவரை ஒருவர் பேதுரு, ஒருவர் யோவான் என்று திருத்தூதராகவும் எண்ணிப் பணிபுரியலாம் என்று மனத்துக்குள் திட்டமும் வகுத்துக்கொண்டார். எவ்வளவு தேடியும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் ஆண்டுதோறும் பிளாண்டர்ஸ் நாட்டு ஸ்பானிய வணிகரிடம் சென்று இரந்து படிப்பைத் தொடர்ந்தார். அதன்பின் 1529-இல் சென்ட் பார்ப் கல்லூரி விடுதியில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டபோது உடன் இருந்தவர்கள் பீட்டர் ஃபேபரும், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் நம் முத்துக்குளித்துறைக்கு வரவிருந்த பிரான்சிஸ் சவேரியாரும். விடுதி வேலைக்கு விண்ணப்பித்துத் தோற்ற மாணவர் ஒருவரே பிற்காலத்தில் உலகெங்கும் கல்லூரிகள் நடத்திய சபையை நிறுவினார்.

செண்பகனூர் இந்த மரபில் பிறந்த வீடு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்திய இயேசு சபைக் கல்வியில்லங்களில் மாணவரின் பணிகள் எங்கும் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் இருந்தன. குளிர் எலும்பைத் துளைக்கும் மலைமேல் மற்றவர்க்கு முன் எழுந்து, கதவுதோறும் தட்டி, இறைபுகழ்ச் சொல்லொன்றால் துயிலெழுப்புவது ஒருவர் பணி. காலைத் தியானத்துக்கு அனைவரும் எழுந்தனரா என்று பார்த்து வருவது இன்னொருவர் பணி. முறை வைத்து உணவு பரிமாறுவர். முறை வைத்துப் பாத்திரம் கழுவுவர். உணவு வேளையில் பேச்சில்லை. ஒருவர் மேடையில் நின்று நூல் வாசிப்பார். வாசிப்பில் உச்சரிப்புப் பிழை நேர்ந்தால், பொறுப்பாளர் உணவுமேசையிலிருந்தபடியே இலத்தீனில் 'ரெப்பெத்தாத்' என்று குரல் கொடுப்பார்: 'மீண்டும் வாசிக்கட்டும்' என்பது பொருள். நாற்பது, ஐம்பது பேர் கரண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்க, அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டும். மறையுரைக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்று மூத்த குருக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இடையே செய்தி கொண்டுசெல்பவர் 'பீடில்' எனப்படுவார். மறைமாவட்டக் குருமடங்களில் பயின்ற எங்கள் தலைமுறைக்கும் இச்சொல் பழக்கமானதே. தலைவர் பதவிபோல் தோன்றும். உண்மையில் சுண்ணக்கட்டி தீர்ந்தாலும், பேராசிரியர் வரத் தாமதமானாலும், யாவரும் திட்டுவது பீடிலைத்தான்.

இவ்வாறு வேலை செய்வது துறவறத்துக்குப் புதிதன்று. ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கு நூலில் சமையலறைப் பணியை வாரமுறையாக எல்லாத் துறவியர்க்கும் பகிர்ந்தளித்தார். வாரம் முடிந்தவரும் வாரம் தொடங்குபவரும் சேர்ந்து மற்றவர் பாதங்களைக் கழுவ வேண்டும் என்றார். மடத்தின் பண்டசாலைப் பொறுப்பாளர் அங்குள்ள எல்லாக் கருவிகளையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப்போல் மதிக்க வேண்டும் என்பதும் அவர் விதியே. மண்வெட்டியையும் கிண்ணத்தையும் ஒரே கண்ணால் பார்க்கச் சொன்ன அந்த வாசகம் நம் பங்கு இல்லங்களின் சாமான் அறைகளில் எழுதி ஒட்டத்தக்கது.

தமிழ் மரபும் இதற்கு அந்நியமன்று. எவர்க்கெல்லாம் நூல் கற்பிக்கலாம் என்று சொல்ல வந்த நன்னூலார் தம் மகன், ஆசிரியர் மகன், மன்னன் மகன் என்று தொடங்கிப் பொருளை மிகக் கொடுப்பவனையும், அதை அடுத்து வழிபட்டுப் பணிபுரிபவனையும், சொன்னதை விரைந்து கொள்பவனையும் வரிசைப்படுத்துகிறார். கட்டணம் தருபவனும் உழைப்பைத் தருபவனும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். திருவாவடுதுறை போன்ற சைவ மடங்களில் காறுபாறு, ஒடுக்கம், கட்டளை என்று தம்பிரான்கள் பணி பிரித்துக்கொண்டதும், மடத்து உணவுண்டு மாணவர் தமிழ் கற்றதும் உ. வே. சாமிநாதையரின் தன்வரலாற்றைப் படித்தவர்க்குத் தெரியும். பிற நாடுகளிலும் இப்படியே. 1661-இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்கு வந்த ஐசக் நியூட்டன், பிறருக்குப் பணிவிடை செய்து கட்டணச் சலுகை பெறும் மாணவர் வகையிலேயே சேர்க்கப்பட்டார். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1855-இல் தோன்றிய பெரியா கல்லூரியில் படிப்புக் கட்டணம் இல்லை; ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது கல்லூரி வேலை செய்ய வேண்டும்.

ஆனால் இந்நாட்டில் சோறு பரிமாறுவது சோறு பரிமாறுவது மட்டுமன்று. யார் கை பட்டது, யார் பக்கத்தில் யார் அமர்ந்தது என்ற கேள்விகள் நம் பந்தியில் எப்போதும் அமர்ந்திருந்தன. மாணவர் விடுதியே அக்கேள்வியின் போர்க்களமாயிற்று என்பதற்கு நம் தாமிரபரணிக் கரையிலேயே சான்றுண்டு. வ. வே. சு. ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். கல்வியோடு உடலுழைப்பும் நாட்டுப்பற்றும் ஊட்டுவது அவர் நோக்கம். தமிழ்நாடு காங்கிரசு அதற்கு நிதியளித்தது. அங்கே பார்ப்பன மாணவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது என்ற செய்தி வெளிவந்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் கிளப்பிய எதிர்ப்பு 1924, 1925-ஆம் ஆண்டுகளில் காங்கிரசையே உலுக்கியது. காந்தியடிகள் வரை வழக்குச் சென்றது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்; 1925 சூன் மாதத்தில், நீரில் விழுந்த தம் மகளைக் காக்கப் போய்ப் பாபநாசத்து அருவியில் உயிரிழந்தார். உயர்ந்த நோக்கத்தோடு எழுந்த ஒரு விடுதி இரண்டு இலைகளின் இடத்தால் சிதைந்தது. நோக்கம் தூயதாயிருந்தால் போதும், பந்தி தானே சரியாகிவிடும் என்று நம்புவோர்க்கு இது ஒரு பாடம்.

நாம் வெளியே விரல் நீட்டிவிட்டு அமைதி கொள்ள இயலாது. மதுரை மிஷனின் பணித்தளங்களுள் ஒன்றான வடக்கன்குளத்தில் ஆலயத்தினுள்ளேயே சாதி பிரித்த சுவர் இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. அதாவது செண்பகனூரில் கல்லூரி தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் சென்றபின். நற்கருணைப் பந்தியில் சுவர் நின்ற காலத்தில், மலைமேல் ஓர் உணவறையில் மாணவர் முறை வைத்து ஒருவர் தட்டில் ஒருவர் குழம்பு ஊற்றினர். ஒருவர் உண்ட தட்டை மற்றவர் கழுவினர். ஐரோப்பிய இளைஞனுக்கு அது தாழ்ச்சிப் பயிற்சி. தமிழ் இளைஞனுக்கு அது அதனினும் பெரிய ஒன்று. வீட்டில் தாத்தா கண்டால் திண்ணையைவிட்டு இறக்கிவிடக்கூடிய செயல். அங்கு எல்லாம் மாசின்றி நடந்தது என்று கூற எனக்குத் துணிவில்லை. துறவற இல்லங்களின் மதிலைச் சாதி ஏறிக் குதித்ததை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் பாத்திரம் கழுவும் முறைப்பட்டியலில் பெயருக்குப் பின்னால் சாதி எழுதப்படுவதில்லை என்பது சிறிய செய்தியன்று.

இன்னொரு பிரிவினை இருந்தது; அது சாதியால் வந்ததன்று. இயேசு சபையில் குருக்களும், குருக்களாகப் போகிற மாணவர்களும் ஒருபுறம். துணைச் சகோதரர்கள் மறுபுறம். மாணவர்க்கு எளிய வேலை ஒரு பயிற்சி. சில ஆண்டுகளில் அது முடிந்துவிடும். சகோதரர்க்கோ அதுவே வாழ்நாள் அழைத்தல். சமையல், தச்சு, தையல், தோட்டம், வாயில் காவல், நோயாளர் பராமரிப்பு எல்லாம் அவர்கள் கையில். செண்பகனூர் தொடங்குவதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1888-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ஒரே நாளில் இயேசு சபையார் மூவரைப் புனிதராக உயர்த்தினார். அவர்களுள் ஒருவர் அல்போன்சு ரொட்ரீகசு. மயோர்க்காத் தீவிலுள்ள பால்மா நகரக் கல்லூரியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாயிற்கதவு திறந்தவர் அவர். மணியோசை கேட்டதும் 'இதோ வருகிறேன், ஆண்டவரே' என்று சொல்லிக்கொண்டு கதவுக்கு விரைந்தார் என்பர். அதே நாளில் புனிதராக்கப்பட்ட பீட்டர் கிளேவர் அக்கல்லூரியில் மாணவராக இருந்தபோது, அமெரிக்கா சென்று அடிமைகளுக்குத் தொண்டு புரியத் தூண்டியவர் இந்த வாயிற்காப்பாளரே. பேராசிரியர் பலர் இருந்த அந்தக் கல்லூரியிலிருந்து பீடத்துக்கு உயர்ந்தவர் கதவு திறந்தவர். வாயில் காப்பவர்க்கு முன் வைக்க இதைவிடச் சிறந்த மாதிரி இல்லை.

ஆயினும் புனிதரைப் போற்றுவது எளிது. உடன் உண்பது கடினம். சகோதரர்களின் ஓய்வுநேர உரையாடல் தனி, அமரும் வரிசை தனி என்ற வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1965 அக்டோபரில் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட துறவறப் புதுப்பித்தல் பற்றிய ஏடு, சகோதரர்கள் குழும வாழ்விலும் பணிகளிலும் நெருங்கிப் பங்குபெற வேண்டும் என்றது. 1965, 1966-ஆம் ஆண்டுகளில் கூடிய இயேசு சபையின் முப்பத்தோராம் பொதுப்பேரவை அவ்வழக்கங்களைக் களைய முற்பட்டது. நானூறு ஆண்டுகளாகச் சமையற்காரர் குருவுக்குக் கட்டளையிடலாம் என்று எழுதி வைத்திருந்த ஒரு சபைக்கும், அவரோடு மாலை நேரத்தில் அமர்ந்து பேச ஒரு சங்கம் தேவைப்பட்டது என்பதை எண்ணும்போது, விதிக்கும் வழக்கத்துக்கும் உள்ள தூரம் புலப்படுகிறது.

சகோதரர்க்கேனும் பெயருண்டு. ஆண்டுதோறும் அச்சான இயேசு சபைப் பட்டியல்களில் ஒவ்வொரு துறவியின் பெயருக்கு எதிரேயும் அவர் பணி இலத்தீன் குறுக்கத்தில் தரப்பட்டிருக்கும்: சமையல், வாயில், துணிமணி, கோவில். ஆனால் அப்பட்டியல் சபை உறுப்பினர்க்கு மட்டுமே உரியது. மலைப்பாதையில் அரிசி மூட்டை சுமந்தவர், துணி வெளுத்தவர், பால் கறந்தவர், கல் உடைத்துச் சுவர் எழுப்பியவர், கழிவு அகற்றியவர் ஆகியோருக்கு அதில் இடமில்லை. தங்கிக் கற்கும் எந்தக் கல்லூரியும் இவர்களின்றி ஒரு வாரம்கூட நடந்ததில்லை. 1891 மே மாதத்தில் அதே பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலை எழுதியிருந்தார். உழைப்பாளிக்குத் தரும் ஊதியம் அவன் சிக்கனமாக வாழப் போதுமானதாக இருக்க வேண்டும், ஒப்புக்கொண்ட கூலி என்பதாலேயே அது நீதியான கூலி ஆகிவிடாது என்பது அம்மடலின் மையக் கருத்துகளுள் ஒன்று. நான்காண்டுகள் கழித்துத் தோன்றிய கல்லூரியின் வகுப்பறைகளில் அம்மடல் பேசப்படாமல் இருந்திராது. வகுப்பறையில் பேசப்பட்டது கூலிக் கணக்குப் புத்தகத்துக்கு எவ்வளவு விரைவில் வந்துசேர்ந்தது என்பது அன்றைய கத்தோலிக்க நிறுவனங்கள் எல்லாவற்றிடமும் கேட்கத்தக்க கேள்வி.

செண்பகனூரில் வேலைக்கும் படிப்புக்கும் இடையேயிருந்த கோடு மறைந்துபோன ஓர் இடமும் உண்டு, அது அருங்காட்சியகம். மாணவர்கள் விடுமுறை நாள் நடைப்பயணங்களில் சேகரித்த வண்ணத்துப்பூச்சியும் வண்டும் செடியும் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றை உலர்த்தி, ஊசி குத்தி, பெயரெழுதிப் பெட்டியில் அடுக்குவது இல்லத்துப் பணிகளுள் ஒன்றாகவே இருந்தது. ஆங்லாத் அடிகளார் பழனி மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். ஃபோரோ அடிகளார் யாரும் குனிந்து பாராத பாசிகளைக் குனிந்து பார்த்தார். பழனி மலைப் பாசிகள் பற்றிய அவரது கட்டுரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1961-இல் வெளிவந்தது. பின்வந்த கே. எம். மேத்யூ அடிகளார் கொடைக்கானலின் அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றி 1969-இலும், பழனி மலைத் தாவரங்கள் அனைத்தையும் பற்றி 1999-இலும் நூல்கள் தந்தார். அங்குள்ள ஆர்க்கிட் தோட்டம் பெயர்பெற்றது. ஆர்க்கிட்டுகளுள் பல உயர்ந்த மரக்கிளைகளில் ஒட்டி வாழ்பவை. பாடநூலைப் பார்த்துக்கொண்டு அவற்றை எட்டிப் பறிக்க இயலாது. மரமேறவும் காட்டுத்தடம் காணவும் தெரிந்த மலைமக்களின் கையும் காலும் இன்றி அத்தொகுப்புகள் நிறைந்திரா என்று எண்ணுவதில் பிழையில்லை. தாவரங்களின் இலத்தீன் பெயரோடு அப்பெயரிட்டு விவரித்தவர் பெயர் சேர்கிறது. கிளையில் ஏறியவர் பெயர் சேர்வதில்லை.

இன்று நம் கல்லூரி விடுதிகள் வேறு கோலம் பூண்டுள்ளன. கொடைக்கானலிலேயே 1984-இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தோன்றியபின், எளிய குடும்பத்துப் பெண்கள் பலர் அம்மலைமேல் தங்கிக் கற்றனர். சமவெளியில் ஒவ்வொரு நகரிலும் விடுதிகள் பெருகின. காப்பாளர், துணைக் காப்பாளர், மெஸ் செயலர், சமையல் மாஸ்டர், சப்ளையர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் என்பன இன்றைய பதவிகள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரி 1937-இல் புதிய வளாகத்துக்கு வந்தது முதல் அதன் செயிண்ட் தாமஸ், சேலையூர், பிஷப் ஹீபர் இல்லங்கள் மாணவர் தன்னாட்சிக்குப் பெயர்பெற்றன. பல விடுதிகளில் 'டிவைடிங்' முறை உண்டு. மாதச் செலவை மாணவரே கணக்கிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வர். இது நல்ல பயிற்சி. அரிசி விலையும் எரிவாயு விலையும் தெரிந்த இளைஞன் பின்னாளில் குடும்பத்துக்கும் பங்குப் பேரவைக்கும் பயன்படுவான். எனினும் மாணவர் பகிர்ந்துகொள்வது கணக்கை, பாத்திரத்தை அல்ல. 'பணம் கட்டுகிறோமே, பிறகு ஏன் துடைப்பம்?' என்ற கேள்வி எழுந்துவிட்டது. பெற்றோரே கேட்கிறார்கள். குருமடங்களிலும் இயந்திரமும் ஒப்பந்தப் பணியாளரும் வந்துவிட்டனர். பாதம் கழுவும் சடங்கை ஆண்டுக்கொரு முறை அழகாக நடத்தத் தெரிந்த இளங்குரு, தாம் உண்ட தட்டைக் கழுவத் தேடுவது குழாயையா ஆளையா என்று பார்த்தாலே அவர் பயிற்சியின் தரம் தெரிந்துவிடும் என்பது என் கருத்து. கடுமையாகத் தோன்றினால் வாசகர்கள் பொறுத்தருள்க.

மாணவர் வேலை செய்யாத இடத்தில் வேறொருவர் செய்கிறார். அவர் பெரும்பாலும் ஒரு பெண். பெரும்பாலும் விதவை, அல்லது கணவரால் கைவிடப்பட்டவர். விடுதிப் பிள்ளைகள் அவரை 'ஆயா' என்றோ 'அக்கா' என்றோ அழைப்பர். 1972-இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில், ஒரு சமூக அமைப்பு நீதியானதா என்பதை நியாயமான ஊதியத்தைக் கொண்டே சோதித்தறியலாம் என்று எழுதினார். சட்டமும் சுற்றுமடலும் இருந்தும், பணி நியமனக் கடிதம் இல்லை, சேர்ந்த தேதி இல்லை, 'நம்ம வீட்டு ஆள்தானே' என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் விடை என்ற நிலை பல விடுதிகளில் நீடித்தது. அந்தச் சொல்லில் அன்பும் உண்டு. கணக்குக் காட்டாமல் தப்பும் வழியும் உண்டு. வீட்டு ஆள் என்றால் வீட்டில் பங்கு வேண்டும். பணியாள் என்றால் சம்பளச் சீட்டு வேண்டும். இரண்டும் இல்லாத நிலைக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அறிந்த ஒரு விடுதியில் சமையலம்மா ஒருவர் முதுமையால் வேலையை விட்டார். எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்ற கேள்வி எழுந்தது. வருகைப் பதிவேட்டில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளே இருந்தன. அதற்கு முந்திய ஏடுகளைக் கறையான் தின்றிருந்தது. அவர் சொன்ன கணக்கோ முப்பதைத் தாண்டியது. நிர்வாகக் குழுவில் விவாதம் நீண்டது. பிறகு பழைய மாணவர் ஒருவர், இப்போது ஊரில் கடை வைத்திருப்பவர், தம் வீட்டுச் சுவரிலிருந்து சட்டமிட்ட புகைப்படம் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். விடுதியின் ஆண்டுவிழாப் படம். நடுவில் காப்பாளர் நாற்காலியில், இருபுறமும் ஆசிரியர், பின்னால் நான்கு வரிசை மாணவர். கடைசி வரிசையின் ஓரத்தில், பாதி உடல் படத்துக்கு வெளியே போகும்படி, இடுப்பில் குழந்தையோடு அந்த அம்மா நின்றிருந்தார். படத்தின் அடியில் ஆண்டு அச்சிடப்பட்டிருந்தது. அந்த ஆண்டிலிருந்தே அவருக்குரிய தொகை கணக்கிடப்பட்டது.